பழைய லோடு வண்டியில் கியர் தொல்லை: பெங்களூரு ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலாசிபாளையம், யஷ்வந்த்பூர் யார்டு, மடிவாளா மார்க்கெட், பீன்யா என்று பெங்களூரில் லோடு அடிக்கும் நம் ஆட்கள் பலர் கையில் இருப்பது பத்து, பதினைந்து வருடம் உழைத்த வண்டி. டாடா 407, குட்டி யானை, பொலேரோ பிக்கப், தோஸ்த் இப்படி. கியர் சரியாக விழவில்லை என்று பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது "கியர்பாக்ஸ் இறக்கணும்" என்ற வார்த்தை. இறக்கினால் இரண்டு மூன்று நாள் வாடகை போச்சு, லேபர் தனி, பார்ட்ஸ் தனி. ஒற்றை வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு அது பெரிய அடி. இறக்க வேண்டிய வண்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வெளியிலிருந்தே பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

கியர் விழவில்லை. கோளாறு கியர்பாக்ஸிலா, கிளட்சிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். இப்போது கிளட்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ரிவர்ஸ் வரை எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் வைத்து, அதே வரிசையில் திரும்பப் போடுங்கள்.

ஆஃபில் இருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு கிளட்சில். பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலை விட்டு முழுசாகப் பிரியவில்லை. இன்ஜின் சுற்றுவதோடு சேர்ந்து கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றும் ஷாஃப்ட்டில் போய் நிற்கும் கியரை மாட்டச் சொன்னால் அது எப்படி மாட்டும்?

ஆஃபிலும் கடினமாக இருந்தால், கியர் ராடு, கேபிள், புஷ், உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஒன்று கவனியுங்கள். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது ஏதோ ஒரு கியர் மட்டும் பல்லுக்குப் பல் முட்டி நின்றுவிடலாம். வண்டியை ஒரு சாண் முன்னே பின்னே தள்ளினால் விழுந்துவிடும். அது கோளாறு இல்லை.

சந்தேகம் தீர இன்னொரு சோதனை. இன்ஜின் ஐடிலில் இருக்கட்டும். கிளட்சை முழுக்க மிதித்துப் பிடித்தபடி மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாகப் பிரிகிறது. ஐந்து எண்ணிய பிறகும் "கர்ர்ர்" என்று உரசினால் கிளட்ச் பிரியவில்லை. இந்த இரண்டு சோதனையும் செய்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். பேச்சே வேறு மாதிரி தொடங்கும்.

கிளட்ச் பிரியவில்லை என்று தெரிந்துவிட்டது. உடனே பிளேட் மாற்ற வேண்டுமா?

இல்லை. பெடலிலிருந்து தொடங்குங்கள். பெடலின் கீழே பாய் மடிந்து கிடந்தாலே பெடல் முழுசாக இறங்காது. அதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை.

அடுத்து, பெடலிலிருந்து கிளம்புவது கேபிளா, ஆயில் பைப்பா என்று பாருங்கள்.

கேபிள் என்றால் பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். எதிர்ப்பு எதுவும் இல்லாமல் கொஞ்ச தூரம் சும்மா இறங்கி, பிறகு கனம் தெரியும். அந்தச் சும்மா இறங்கும் தூரம்தான் ஃப்ரீ பிளே. கேபிள் வண்டிகளில் பொதுவாக 15 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், அதுவே இறுதி. அளவுக்கு மேல் இருந்தால் பெடலின் பாதிப் பயணம் வீணாகி, கிளட்ச் பிரியாது. அட்ஜஸ்டிங் நட்டை நான்கு சுற்று திருப்பியதுமே சரியாகிவிட்ட வண்டிகள் ஏராளம். ஆனால் "இறுக்கினால் நல்லது" என்று ஃப்ரீ பிளேயே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். கிளட்சை அழுத்திப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுந்திக்கொண்டே இருக்கும், பிளேட் சறுக்கித் தேயும்.

கேபிளின் இரண்டு முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே முறுக்கியிருக்கும் கம்பிகளில் ஒன்றிரண்டு அறுந்து, மீசை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கேபிளுக்கு ஆயுள் முடிந்தது. உறை உருகிப்போய், உள்ளே துரு ஏறியிருந்தாலும் அப்படித்தான். பெடல் நாளுக்கு நாள் கனமாகிக்கொண்டே போனால் முதல் சந்தேகம் கேபிள் மீது வரட்டும்.

ஒரு தடவை மிதித்தால் கியர் விழுவதில்லை. இரண்டு மூன்று தடவை பெடலை அடித்தால் விழுகிறது. ஏன்?

இது ஆயில் கிளட்ச் உள்ள வண்டியின் வியாதி. லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. பெடலுக்கு மேலே இருப்பது மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். ஸ்லேவின் ரப்பர் மூடியை விரலால் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கிட், அதாவது உள் ரப்பர் செட், போய்விட்டது. வெளியே எங்கும் கசிவில்லை, ஆனாலும் பெடலை மிதித்துப் பிடித்தால் அது தானாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது என்றால் மாஸ்டரின் உள் ரப்பர் விட்டுவிட்டது.

கிட் மாற்றிக் காற்றை எடுத்தால் வேலை முடிந்தது. கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். ஆயில் ஊற்றும்போது வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ரகத்தையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப் போய்விடும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா இருக்கிற வண்டியில் இது உயிரோடு விளையாடுவது.

மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது மட்டும் உரசுகிறது. மற்ற கியரெல்லாம் நன்றாக இருக்கிறது.

ஒரே ஒரு கியரில் உரசல் என்றால் கிளட்சைக் குறை சொல்ல முடியாது. கிளட்ச் பிரியவில்லை என்றால் எல்லா கியரும் தொல்லை கொடுத்திருக்கும். உங்கள் வண்டியில் இரண்டாம் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை மாட்டுவதற்கு முன் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அந்தப் பித்தளை வளையத்தின் வேலை. பெங்களூரு நெரிசலில் அதிகம் புழங்குவது இரண்டாம் கியர்தான். சில்க் போர்டு சந்திப்பைக் கடப்பதற்குள் அதை எத்தனை தடவை போட்டு எடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முதலில் சாவதும் அதுவே.

உறுதிசெய்ய டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து இரண்டாம் கியரைப் போடுங்கள். அப்படிப் போட்டால் அமைதியாக விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் உரசுகிறது என்றால் சிங்க்ரோதான், சந்தேகமே வேண்டாம்.

இதற்குக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்றைக்கே இறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டபுள் கிளட்ச் பழகிய கை இருந்தால், காசு சேரும் வரை மாதக்கணக்கில் பத்திரமாக ஓட்டலாம். உரச உரச முரட்டுத்தனமாகத் தள்ளினால் மட்டும் கியரை மாட்டிப் பிடிக்கும் சிறு பற்களான நாய்ப்பல் தேய்ந்து, ரிங்கோடு முடிய வேண்டிய செலவு கியரையும் சேர்த்து விழுங்கும்.

ரிவர்ஸில் மட்டும் சத்தம் வருகிறது. சிங்க்ரோ போய்விட்டதா?

பல பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது. வண்டி முழுசாக நின்று, கிளட்சை மிதித்து இரண்டு மூன்று நொடி கழித்துப் போட வேண்டும். அப்படியும் உரசினால் கிளட்ச் பக்கம் போங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

இதை அசட்டை செய்யாதீர்கள். லோடோடு இறக்கத்தில் கியர் கழன்றால் இன்ஜின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக் மேல் வரும். பழைய வண்டியில் பிரேக் சூடேறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் எப்போது கழல்கிறது என்று கவனியுங்கள். ஆக்ஸிலேட்டரை விடும்போதா, அழுத்தி ஏறும்போதா, குழியில் விழும்போதா? குழியில் விழும்போது மட்டும் என்றால் இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங் இரண்டையும் பாருங்கள். இன்ஜின் ஐடிலில் இருக்க, பக்கத்தில் ஒருவரை நின்று பார்க்கச் சொல்லி, நீங்கள் ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடுங்கள். கியர் லீவர் முன்னும் பின்னும் எம்பி ஆடினால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸ் பெட்டியும் ஒரு பக்கம் அசைய, லீவர் கியரை இழுத்துப் போட்டுவிடுகிறது.

அடுத்தது லீவர் இணைப்பு. கியர் முழுசாக உட்காராமல் முக்கால்வாசி மட்டும் மாட்டியிருந்தாலும் கழலும். லீவரின் கீழ் ரப்பர் உறை தடித்துப்போய்த் தடுக்கிறதா, புதிதாகப் போட்ட சீட் கவர் இடிக்கிறதா, கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரே கியர் கழல்கிறது என்றால் உள்ளேதான். கியரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் சோர்ந்திருக்கலாம். சில பெட்டிகளில் இவற்றை வெளியிலிருந்தே போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம், அதைக் கேட்டுப் பாருங்கள். செலக்டர் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். நாய்ப்பல்லின் முனை மழுங்கியிருக்கலாம். பேரிங் தேய்ந்து மெயின் ஷாஃப்ட் முன்பின்னாக ஆடலாம். இவற்றுக்கு இறக்குவதைத் தவிர வழியில்லை.

லீவர் தொளதொளவென்று ஆடுகிறது. எந்த கியரில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

புஷ். பெரும்பாலும் அவ்வளவே. லீவரின் அடியிலும் ராடு, கேபிள் முனைகளிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நைலான் புஷ்கள் இருக்கும். கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவில் இழுத்திருக்கும். ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் கடைக்குப் போனால் உங்கள் மாடலைச் சொல்லி ஒரு செட் வாங்கிவிடலாம். பழையதைக் கையில் கொண்டுபோங்கள், மாடலுக்கு மாடல் அளவு மாறும். மாற்றிய பிறகு கிரீஸ் வையுங்கள். இதற்காகக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கியர் ஆயிலைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். இவ்வளவு சேதி சொல்லும் ஆயிலை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

முதலில் அளவு. வண்டி சமதளத்தில், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். அடியில் போவதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக். தூக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டு மடக்குங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். விரலில் படவே இல்லை என்றால் எங்கோ கசிகிறது. முன் சீல் வழியாகக் கசிந்தால் அது நேராகக் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும்.

அடுத்து நிறம். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் அண்டர்பாஸ் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆயிலை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள், பேரிங் துருப்பிடிக்கும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது சுத்தமான தட்டில் பிடியுங்கள். டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல மழமழவென்று ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், அது வயதான பெட்டிக்குச் சகஜம். விரலில் தேய்த்தால் நறநறவென்று துகள் தட்டுப்பட்டாலோ, உடைந்த பல் துண்டு கிடைத்தாலோ ஓவர்ஹால் நேரம் வந்துவிட்டது. ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பொன்னிறமாக மினுமினுத்தால் அது பித்தளை, அதாவது சிங்க்ரோ ரிங் தேய்மானம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பதால் தட்டில்தான் தெரியும்.

ஊற்றும் ஆயில் எது? கையேடு சொல்வதுதான். பல லோடு வண்டிகளுக்கு 80டபிள்யூ-90, ஜி.எல்-4 தரம். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜி.எல்-5 ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கையேடு அதைச் சொல்லாதபோது ஊற்றாதீர்கள். அதில் கூடுதலாக இருக்கும் ரசாயனம் சில ரகங்களில் பித்தளை ரிங்கை அரிக்கும். மேலும் வழுக்கல் அதிகமானால் ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் நழுவும். ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்து உரசல் தொடங்கியது என்றால் எந்த ஆயில் என்று போய்க் கேளுங்கள்.

டிசம்பர், ஜனவரி விடிகாலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது முதல் சில கிலோமீட்டர் கியர் கெட்டியாக இருந்து, சூடேறியதும் சரியாகிவிட்டால், அது ஆயில் கெட்டிப்படுவதால். பயப்பட ஒன்றுமில்லை.

சத்தத்தை வைத்து எந்த பேரிங் என்று சொல்ல முடியுமா?

பெருமளவுக்குச் சொல்லலாம். வண்டி நிற்க, நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். கால் பெடலில் இல்லாதபோது "ஙொய்ய்" என்று சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் அது கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங் அல்லது அதற்கு இணையாக உள்ளே சுற்றும் லே ஷாஃப்ட்டின் பேரிங். கிளட்சை மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கும் அப்போது சத்தம் போடும்.

ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பல். எல்லா கியரிலும் சத்தம் வந்து, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும் நேர் கியரில் மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். நேர் கியரில் பாரம் லே ஷாஃப்ட் வழியாகப் போகாமல் நேராகப் பின்னால் போய்விடும், அதனால்தான் அந்த அமைதி. ஐந்து கியர் வண்டிகள் பலவற்றில் நேர் கியர் நான்காவது; சிலவற்றில் ஐந்தாவது.

நியூட்ரலில் கியரும் இல்லாமல், இன்ஜினும் ஆஃபில், வண்டி உருளும்போது சத்தம் வந்தால் பெட்டியை விட்டுவிட்டு ஜாயின்ட், கிரவுன், சக்கர பேரிங் பக்கம் போங்கள். இந்தச் சோதனையைத் தெருவில் செய்யாதீர்கள், இன்ஜின் ஆஃபானால் பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். காலி மைதானத்தில் நாலு பேர் தள்ளினால் போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக லோடோடு ஓசூர் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை.

இது கிளட்ச் சறுக்கல். ஆர்.பி.எம் ஏறும், வேகம் ஏறாது, கொஞ்ச நேரத்தில் கருகிய நாற்றம் வரும். ஊருக்குள் காலி வண்டியில் இது தெரியாமல் இருக்கும். பாரமும் மேடும் சேரும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேபிளைத் தளர்த்தினாலே பாதி குணமாகும். அது சரியாக இருந்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது இன்ஜின் பின் சீலிலிருந்து ஆயில் வந்து பிளேட்டை நனைத்திருக்கிறது. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டையில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

உறுதிசெய்ய ஒரே ஒரு முறை, முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, நான்காம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் பிளேட் முடிந்தது. திரும்பத் திரும்பச் செய்து மிச்சத்தையும் எரித்துவிடாதீர்கள்.

புது கிளட்ச் செட் போட்டாச்சு. அதற்கப்புறம்தான் கியர் கடினமாகிவிட்டது!

இந்தப் புகார் அடிக்கடி வருகிறது, மனசு கஷ்டப்படும் புகாரும் இதுதான். காசு கொடுத்த பிறகு வண்டி மோசமானால் யாருக்குத்தான் தாங்கும்?

காரணங்கள் சில. பெட்டியைத் திரும்ப ஏற்றும்போது அதன் முழுப் பாரமும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்க விட்டிருந்தால் பிளேட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்துவிடும். வளைந்த பிளேட் ஃப்ளைவீலை ஒரு ஓரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். ஆள் குறைவாக இருக்கும் பட்டறையில், ஜாக்கி இல்லாமல் கையால் தூக்கி மாட்டும்போது இது நடக்கிறது. பிளேட்டை முன்பின் மாற்றிப் போட்டிருக்கலாம். பைலட் பேரிங்கை மாற்றாமல் விட்டு, அது இறுகியிருக்கலாம். பிளேட் மாட்டும் ஷாஃப்ட்டின் வரிப்பற்களை, அதாவது ஸ்ப்லைனை, சுத்தம் செய்யாமல் பிளேட் நகர முடியாமல் சிக்கியிருக்கலாம். ஆயில் லைனில் காற்று எடுக்காமல் விட்டிருக்கலாம். பார்ட் நம்பர் மாறிய பிளேட்டாகவும் இருக்கலாம்.

காற்றையும் அட்ஜஸ்ட்மென்ட்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியென்றால், வேலை செய்த அதே இடத்தில் திரும்ப இறக்கிப் பார்க்கச் சொல்வதில் தவறே இல்லை. சண்டை வேண்டாம். "இன்ஜின் ஆஃபில் எல்லா கியரும் விழுது, ஸ்டார்ட் பண்ணா விழல, அஞ்சு நொடி பிடிச்சாலும் ரிவர்ஸ் உரசுது" என்று தமிழிலோ கன்னடத்திலோ நிதானமாகச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவருக்கு அந்த மூன்று வரி போதும்.

சரி, இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது வேறு எதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது?

ஒரு முறை இறக்குவதற்கான லேபரே பெரிது, அதனால் மறுபடி இறக்க வேண்டிய நிலை வரக்கூடாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பைலட் பேரிங், இன்ஜின் பின் சீல், பெட்டியின் முன் சீல் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள், விலை குறைவான பொருட்கள்தாம். ஃப்ளைவீல் முகத்தில் நீல நிறத் திட்டுகளோ மயிரிழை வெடிப்போ இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கிளம்பும்போது வண்டி தடதடவென்று உதறியது என்றால் அந்தத் திட்டுகள்தான் காரணமாக இருக்கும். கிளட்ச் ஃபோர்க்கின் முனை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை, நல்ல மெக்கானிக் கேட்காமலே எடுத்துக் காட்டுவார்.

குஜிரியில், அதாவது பழைய பார்ட்ஸ் சந்தையில், பழைய கியர்பாக்ஸ் கிடைக்கிறதே, அதைப் போட்டுவிடலாமா?

ஹவுசிங் வெடித்திருந்தாலோ, உள்ளே இரண்டு மூன்று கியர் சேர்ந்து போயிருந்தாலோ யோசிக்கலாம். வெறும் ரிங், பேரிங் வேலைக்கு உங்கள் பெட்டியையே ஓவர்ஹால் செய்வது நல்லது. அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும். பழையதை வாங்கினால் மேல் மூடியைத் திறந்து பல்லைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முன் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பெட்டி உங்கள் மாடலுக்கே உரியதா, ஸ்ப்லைன் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்த்து, பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரைவர் பழக்கத்தால் கியர் கெடுமா?

கெடும். கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுவது, சிக்னலில் பாதி கிளட்சில் மேட்டில் நிற்பது, இரண்டாம் கியரில் கிளப்புவது இந்த மூன்றும் பிளேட்டைத் தின்னும். கியர் லீவர் மேல் கையை ஊன்றியபடி ஓட்டுவது செலக்டர் ஃபோர்க்கைத் தேய்க்கும். அதிக லோடு எல்லாவற்றையும் தேய்க்கும். அதற்கு டிரைவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, ஏற்றச் சொல்பவர் வேறு ஆள்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே சோதனைகளா?

தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி என்றால் உள்ளே இருப்பது இதே கிளட்ச், இதே கியர். உங்கள் காலும் கையும் செய்வதை ஆக்சுவேட்டர் செய்கிறது. அதனால் பேட்டரி வோல்ட்டேஜ், ஆக்சுவேட்டர் ஆயில், வயர் கனெக்டர் இவற்றைப் பார்த்துவிட்டு, ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். கிளட்ச் மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்றுக்கொடுக்கும் வேலையும் உண்டு. அதைச் செய்யாமல் அனுப்பினால் வண்டி குதிக்கும்.

கிளட்ச் பெடலுக்குப் பதில் ஆயில் மூலம் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள முழு ஆட்டோமேட்டிக் வேறு கதை. அதற்கு ஆயிலே உயிர். பெரும்பாலான ரகங்களில் ஆயில் சிவப்பாக இருக்கும். கறுத்து, கருகிய நாற்றம் அடித்தால் உள் கிளட்ச்கள் எரிந்திருக்கின்றன. டிப்ஸ்டிக் உள்ள வண்டிகள் பலவற்றில் சூடான நிலையில், இன்ஜின் ஓடும்போது அளவு பார்க்க வேண்டும். எந்த நிலையில் லீவர் இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். டி-யில் போட்டும் தாமதமாகக் கிளம்பினால் ஆயில் குறைவு முதல் சந்தேகம். ஒரே கியரில் சிக்கிக்கொண்டு மாறவே மறுத்தால், கோளாறு கண்ட கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக அப்படிப் பூட்டியிருக்கலாம், அப்போதும் ஸ்கேனர்தான் முதல் வேலை. எஞ்சின் சக்தி போகும் சக்கரங்கள் தரையில் உருள அந்த வண்டியை இழுத்துப் போகாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்பும் ஓடாது, பெட்டி காய்ந்து எரியும்.

நடுராத்திரி, ஓசூர் ரோட்டில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டால்?

ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரமாக ஒதுங்குங்கள். நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியை இருக்கிற கியரிலேயே விட்டு, வேகம் குறைந்ததும் லீவரை நியூட்ரலுக்கு இழுத்தால் வந்துவிடும். நடுச்சாலையில் நின்றுவிட்டால் இன்ஜினை ஆஃப் செய்து, முதல் கியரில் போட்டு, ஸ்டார்ட்டரைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட்டர் பலத்திலேயே எம்பி நகரும். ஆபத்தான இடத்திலிருந்து ஓரத்துக்கு வர மட்டும் இதைச் செய்யுங்கள். முன்னால் ஆளோ வண்டியோ இருந்தால் கூடவே கூடாது. முழு லோடு இருந்தாலும் வேண்டாம், ஸ்டார்ட்டர் எரியும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்ச் வைத்த வண்டிகளில், கேபிள் அறுந்திருந்தாலும் பெடலை மிதித்தபடி திருப்ப வேண்டும்.

ஓரம் வந்ததும் பின்னால் முக்கோணத்தை வைத்துவிட்டு போனை எடுங்கள். கேபிளை ரோட்டிலேயே மாற்றிவிடலாம். உங்கள் மாடலுக்கான கேபிள் ஒன்றைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தால், வரும் மெக்கானிக் ராத்திரியில் கடை தேடி அலைய வேண்டியதில்லை. விடிவதற்குள் லோடும் இறங்கிவிடும்.